சரிகை கறுக்கக் காத்திருந்த ஊர்

என் கடைச் சரிகை கறுத்துப் போனது என்று ஒருவர் சொன்னார். அதற்காகத்தான் நான் விமானம் ஏறி இங்கிலாந்து போனேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் புகையில் தெரியாது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாகறலில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு நடந்தே வந்தவன். விடிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் வேலையில் சேர்ந்தேன். அந்த வேலைக்கு வானம் பார்க்கத் தெரிய வேண்டும். பாவு விரித்த பிறகு மழை வந்தால் முதலாளியின் பட்டும் போச்சு, நம் முதுகுத் தோலும் போச்சு. நான் இருந்த வரைக்கும் எங்கள் தெருவில் ஒரு பாவும் நனைந்ததில்லை. எந்த மேகம் பெய்யும், எது சும்மா பூச்சி காட்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இன்றைக்கு எனக்குக் கடை இருக்கிறது, தறிகள் இருக்கின்றன, சொந்தச் சாயப்பட்டறை இருக்கிறது. எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இப்படிப்பட்டவனைப் பற்றித்தான் சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெருவில் ஒரு பெரியவர் வாய்க்கு வந்ததைப் பேசினார். அவருடைய தம்பி சடகோபன் இங்கிலாந்தில் டாக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டரின் மூத்த பெண் கல்யாணத்துக்கு என் கடையில்தான் அரக்குப் பட்டு எடுத்தார்கள். அதை வைத்துப் பெரியவர் கோயில் வாசலில் நின்று, "நாயக்கர் கடைச் சரிகையா? சீமைக்குப் போனதும் இரும்பாயிடுத்தாம்" என்று போகிற வருகிறவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த முகூர்த்த மாதத்தில் சன்னதித் தெருக்காரர்கள் என் கடை வாசலைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள். போகும்போது தலையைக்கூடத் திருப்பவில்லை.

பட்டு வியாபாரிக்குச் சரிகையில் பெயர் கெட்டால் கடையைச் சாத்திவிட்டு மாகறலுக்குத் திரும்பி ஏர் பிடிக்க வேண்டியதுதான்.

ஆனால் என் கையில் ஒரு சாட்சி இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பாவில் மூன்று சேலை நெய்வோம். பாவு அமைந்து வந்தால் மூன்றில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துக்கொள்வது என் வழக்கம். டாக்டர் வீட்டுச் சேலைக்குக் கூடப்பிறந்த சேலை என் வீட்டுக்காரி பச்சையம்மாவின் பீரோவில் பளபளவென்று இருந்தது. அவள் மாகறல் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கத்தான் எனக்குப் பழக்கமில்லை.

விமானத்தில் தின்னக் கொடுத்ததைப் பற்றி எழுதிக் காகிதத்தை வீணாக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தத் தேசத்துக்கு மேலே வந்ததும் கீழே பார்த்தேன். மேகம் வெள்ளாவி வைத்த வேட்டியை உதறிப் போட்டதுபோல் கிடந்தது. கண் கூசியது. 'அடேங்கப்பா, சுத்தமான ஊர்' என்று நினைத்தேன். விமானம் அதற்குள் இறங்கி அடிப்பக்கம் வந்ததும் அடுப்பங்கரைக் கூரை மாதிரி ஆகிவிட்டது. பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் இருந்தது வடக்கே ஓர் இரும்பாலை ஊர். சுவர் கறுப்பு, மரம் கறுப்பு, மாதாகோயில் கறுப்பு. நிலவில் ஆள் போய்க் கால் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த வெள்ளைக்காரர்களுக்கோ உள்ளூரில் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். அவர் மனைவி வைதேகி அம்மாள் என்னை வாசலிலேயே அளந்துவிட்டார். காபி கொடுத்தார், சேலையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். நான் பார்த்தேன். மாங்காய்க் கரை முழுவதும் கரி. நான் பச்சையம்மாவின் சேலையை அதன் பக்கத்தில் விரித்தேன். அது தங்கமாக மின்னியது.

"ஒரே பாவும்மா. கரையோரம் பாருங்க, ஒரு இழை சாயத்தைக் கொஞ்சம் தூக்கலாக் குடிச்சிருக்குது. இதுலயும் அதே கோடு, அதுலயும் அதே கோடு. கரைச் சரிகையும் பாவோட சேர்ந்து வந்ததுதான்."

"கோடு ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கறுத்திருக்கு, ஒண்ணு கறுக்கலையே, நாயக்கரே?"

"ரெண்டு இழை வெட்டிக் குடுங்க. கொளுத்திக் காட்டறேன். சரிகைன்னா வெள்ளிதானே, நூல் எரிஞ்சு போய் வெள்ளி மணி நிக்கும்."

"நன்னாயிருக்கு! கல்யாணப் புடவையைக் கத்தரிக்கவா?"

டாக்டர் மெதுவாக, "இந்த ஊர்க் காத்துல கந்தகம் ஜாஸ்தி, வைதேகி. வெள்ளிக் குத்துவிளக்கே கறுக்கறதே" என்றார்.

"விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம். புடவையைத் தேய்க்க முடியுமா? அவர் புடவையும் இந்த ஆத்துல இருந்து இதே மாதிரி கறுக்கட்டும். அப்போ நம்பறேன். நானே உங்க அண்ணாகிட்டச் சொல்றேன்."

சவாலா? நாயக்கனிடமா? பின்பக்கம் ஆலையைப் பார்த்த ஜன்னலைத் திறந்து, கம்பியில் பச்சையம்மாவின் சேலையைத் தொங்கவிட்டேன். சரிகை கறுக்க வேண்டும் என்று வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொண்ட முதல் பட்டு வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.

சேலை தொங்குகிற வரைக்கும் எனக்கு வேலையில்லை. மறுநாள் கடைவீதியைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன். நாலு தெரு போவதற்குள் புகையும் பனியும் கலந்து ஒரு மஞ்சள் மூட்டம் இறங்கியது. என் கை எனக்கே தெரியவில்லை. கண்டக்டர் இறங்கி, கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பஸ் அவன் பின்னால் ஊர்ந்து வந்தது. எங்கள் ஊரில் பெருமாளுக்குத்தான் தீவட்டி பிடித்துக்கொண்டு முன்னால் போவார்கள். பெருமாளாவது அழகாக இருப்பார். இது கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வேலியில் போய் முட்டி நின்றது. வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்தாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சப்பென்ற டீ. அதைக் குடித்துவிட்டு எல்லோரும் அவளுக்கு நன்றி சொல்கிறார்கள். ஒருவனாவது அந்தப் புகையைத் திட்ட வேண்டுமே! கூடப்பிறந்ததுபோல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சாப்பாடு இன்னும் மோசம். டாக்டர் வீட்டில் இட்லி மாவு பொங்க மறுத்தது. குளிரில் அதற்கே சுரணையில்லை. வெளியே போனால் உருளைக்கிழங்கை வேகவைத்து, அதன்மேல் வேகவைத்த முட்டைகோசை வைத்து, இரண்டுக்கும் உப்புப் போட மறந்துவிட்டுக் கொடுப்பார்கள். கையோடு மிளகாய்ப்பொடி கொண்டுபோயிருந்ததால் உயிரோடு திரும்பினேன்.

அடுத்த வீட்டில் பெர்சி என்று ஒரு வெள்ளைக்காரர். என் வயதுதான். வானிலை ஆபீஸில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜன்னலில் தொங்கும் சேலையைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டு வந்தார். டாக்டர் அவர் பேச்சை எனக்கும் என் பேச்சை அவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னார். நாள் முழுக்க மேகத்தைப் பார்க்க இவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்! நான் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே செய்த வேலை அது.

அன்றைக்கு வானம் எருமை வயிறுபோல் தொங்கியது. "அரை மணியில கொட்டப் போவுது. துணியெல்லாம் எடுத்துடச் சொல்லுங்க" என்றேன்.

பெர்சி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெய்யாது" என்றார்.

"இன்னா டாக்டரய்யா, இவரு எந்த ஊர்ல மேகம் பார்த்தாராம்? பந்தயம் கட்டச் சொல்லுங்க."

தோற்றவர் ஜெயித்தவரின் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்று பந்தயம். அவருக்கு என் மிளகாய்ப்பொடி. எனக்கு அவர் முட்டைகோசு. தோட்டத்தில் அவர் மழை அளக்க வைத்திருந்த கண்ணாடிக் குழாயைச் சுற்றி உட்கார்ந்தோம். சாயந்திரம்வரை மேகம் அப்படியே தொங்கியது. கறுத்தது, இறங்கியது, வருவேன் வருவேன் என்றது. ஒரு சொட்டு விழவில்லை. குழாயின் அடியில் கரித்தூள் மட்டும் இருந்தது.

முட்டைகோசு சாப்பிட்டேன். முழுத் தட்டும். பந்தயம் என்றால் பந்தயம்.

நான் மெல்லும்போது பெர்சி விளக்கம் சொன்னார். நீராவி தானாகத் துளி ஆகாதாம். ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டுமாம். கடல் உப்போ மண் தூசோ கொஞ்சம் எப்போதும் காற்றில் இருக்கும். அதுவே போதும். ஆலைப் புகை மேலே போனால் அந்தத் துகள் எண்ண முடியாதபடி பெருகிவிடுகிறது. தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான். அத்தனை துகளும் அதைப் பங்கு போட்டுக்கொள்வதால் எல்லாம் பொடித்துளி. பொடித்துளி மிதக்கும், விழாது. நாலு துளி சேர்ந்து கனத்தால்தான் மழை.

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றேன். "வரதர் கோயில்ல ஒரு அண்டா புளியோதரை. நூறு பேர் வந்தா வயிறு ரொம்பிப் போய்க்கினே இருப்பான். ஊரே வந்து நின்னா ஆளுக்கு ஒரு கிள்ளு. எவனும் நகர மாட்டான், அங்கயே நின்னுக்கினு இருப்பான். இதானே உங்க மேகம்?"

டாக்டர் புளியோதரையை விளக்கி முடிக்கக் கொஞ்சம் பாடுபட்டார். பெர்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் ஆபீஸில் இத்தனை வருஷத்தில் ஒருவனும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லையாம். சொல்லியிருக்க மாட்டான். அவனெல்லாம் படித்தவன்.

நான் விமானத்தில் பார்த்த வெளுப்பைச் சொன்னேன். அதற்கும் அதே காரணம்தானாம். பொடித்துளி மேகம் மேல்பக்கம் அதிகமாக வெளுத்து, வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுமாம். கீழே தரைக்கு வர வேண்டிய சூடு குறையும். காபி கொண்டுவந்த வைதேகி அம்மாள், "அரிசியைவிட அரிசி மாவு வெளுப்பாத்தானே இருக்கும், இதுல என்ன ஆச்சரியம்?" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அந்த அம்மாளின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

"அப்போ புகையால உலகம் குளிர்ந்து போயிடுமா?" என்று கேட்டேன்.

பெர்சி தோளைக் குலுக்கினார். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். நிலக்கரி எரிந்து வரும் வாயு உலகத்தைச் சூடாக்கும் என்கிறவர்களும் இருக்கிறார்களாம். இரண்டு கட்சிக்கும் சண்டையாம். அடுப்பை மூட்டியாகிவிட்டது, அது சுடுமா குளிருமா என்று இப்போது உட்கார்ந்து பேசுகிறார்கள்! "உங்கள் ஊரில் புகை இல்லையா?" என்று என்னைக் கேட்டார். "ஏன் இல்லை? என் சாயப்பட்டறையில மட்டும் நாலு அடுப்பு எரியுது" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அவர் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார்.

இங்கிலாந்து மேகம் உள்ளே ஒன்றுமில்லாத பொய் மேகம் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வாரம் டாக்டர் எங்களை மேற்கே கடற்கரைக்குக் காரில் கூட்டிப்போனார். வானத்தில் சின்னதாக ஒரு மேகம். எங்கள் ஊரில் அதைப் பார்த்தால் பாவை விரித்துவிடுவேன். பெர்சி குடை எடுத்துக்கொண்டார். நான், "அந்தக் குட்டி மேகத்துக்கா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினேன். கொட்டித் தீர்த்துவிட்டது. அந்தக் குளிரில் நனைந்த வேட்டியோடு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, குடைக்குள்ளிருந்து பெர்சி சொன்னதை டாக்டர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "இது கடல்லேர்ந்து நேரா வர்ற மேகமாம், நாயக்கரே. இன்னும் புகை தின்னலையாம்."

மாகறல் மேகத்தைத் தவிர எதையும் நம்பக் கூடாது.

இதெல்லாம் போகட்டும். சேலை கறுக்கவில்லை. முந்தானை லேசாகச் செம்பு நிறத்துக்கு வந்திருந்தபோது ஆலையில் வேலைநிறுத்தம் ஆரம்பித்துவிட்டது. உலை அணைந்தது. புகைபோக்கிகள் மொட்டையாக நின்றன. சில நாளில் வானம் வெளுத்து, சூரியன் வந்தது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிப்போட்டு நாற்காலியில் சாய்ந்து படுக்கிறார்கள். பஸ்ஸில் பார்த்த அந்தக் கண்டக்டர் வெயிலில் நின்று பாடினான். வைதேகி அம்மாள் வடாம் பிழிந்தார். பெர்சி என்னை இழுத்துக்கொண்டுபோய், தூரத்தில் ஒரு மலையைக் காட்டினார். குளிர்காலம் முழுக்க அது கண்ணிலேயே படவில்லையாம். அத்தனை பேருக்கும் சந்தோஷம். நான் ஒருவன் மட்டும் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"எப்பதான் வேலைக்குப் போவானுங்க, டாக்டரய்யா?"

"கூலி கூடக் கேக்கறா. தீர்ந்தாத்தான்."

"குடுத்துத் தொலைக்கச் சொல்லுங்கய்யா! என் பேரு ஜன்னல்ல தொங்கிக்கினு இருக்குது."

வாழ்நாளில் நான் கூலி கூட்டிக் கொடுக்கச் சொல்லி வாதாடியது அந்த ஒரு தடவைதான். என் தறிக்காரர்களிடம் இதை யாரும் சொல்ல வேண்டாம்.

ஒருநாள் காலையில் சங்கு ஊதியது. புகை எழுந்தது. சூரியன் ஒரு பழைய செப்புக்காசு மாதிரி மங்கி, பிறகு காணாமல் போனது. தெருவில் எல்லோர் முகமும் தொங்கியது. நான் மட்டும் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். மூட்டமும் ஈரமுமாக அடுத்தடுத்து வந்தது. முந்தானை மாங்காய்கள் செம்பிலிருந்து வெற்றிலைக் கறைக்கும், வெற்றிலைக் கறையிலிருந்து கண்மைக்கும் போயின. பிறகு கரையும் கறுத்தது. நெய்தவனின் விரல் அந்தச் சரிகையில் எப்படி ஓடியது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆனாலும் சிரித்தேன்.

வைதேகி அம்மாள் இரண்டு சேலைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மாற்றிப் பிடித்தார். "எது நம்மாத்துது?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. ஒன்றின் முந்தானை ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. பச்சையம்மா சமையற்கட்டில் கை துடைக்கிற வழக்கம் உள்ளவள். அதை வைத்துத்தான் என் சேலையைக் கண்டுபிடித்தேன்.

"தப்பா நெனச்சுட்டேன், நாயக்கரே. சின்னவளுக்கும் உங்க கடைதான். ஆனா கல்யாணம் காஞ்சிபுரத்துலதான். புடவையும் அங்கேயே இருக்கட்டும்."

பெர்சி வழியனுப்ப வந்தார். மிளகாய்ப்பொடி டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். பந்தயத்தில் தோற்காமலே சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் சமாசாரம் வந்து சேர்ந்திருந்தது. சன்னதித் தெருப் பெரியவர் தானே கடைக்கு வந்து, நாலு பேர் இருக்கும்போது, "சரிகை சுத்தம், ஓய். அந்த ஊர்ப் புகைதான் கோளாறு" என்றார். உட்காரச் சொன்னேன். காபி வரவழைத்தேன். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. முகூர்த்தக் கூட்டம் திரும்பி வந்தது.

பச்சையம்மாவிடம் பெட்டியைத் திறந்து காட்டினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சேலையை மடியில் போட்டுக்கொண்டு, கறுத்த மாங்காய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்கு இதைவிட நல்லதா ஒண்ணு நெய்யச் சொல்றேன். மூணு சேலையும் நீயே எடுத்துக்கோ."

"வேணாம். இதுவே இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. முடிந்தது என்று நினைத்தேன்.

வைகாசியில் கருட சேவை வந்தது. வரதர் கருடன் மேல் வருவதைப் பார்க்கச் சுற்று வட்டாரமெல்லாம் காஞ்சிபுரத்தில் கூடும் நாள். கூரத்திலிருந்தும் ஏனாத்தூரிலிருந்தும் வண்டி கட்டி வருவார்கள். என் கடை வாசலைக் கழுவி, கோலம் போட்டு, ஊர்வலத்துக்கு நீர்மோர் வைத்திருந்தோம். கடைப் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே பச்சையம்மா வந்து நின்றாள். இடுப்பிலிருந்து தோள்வரை கரியாகக் கறுத்த சரிகை. எண்ணெய் வைத்து வாரிய தலையில் கதம்பம். நிமிர்ந்து நின்றாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். "இன்னா இது? உள்ளே போய் மாத்திக்கினு வா. ஜனம் பார்க்குது!"

"பார்க்கட்டும்."

முன்னால் வந்த இரண்டு பெண்கள் மோரை வாங்கிக்கொண்டு, சேலையைப் பார்த்து, பலகையைப் பார்த்து, ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னார்கள். "முதலாளி வீட்டம்மா சேலையே இப்படிப் போயிருக்குது, பாருடி." எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்கள்.

கூட்டத்தில் சன்னதித் தெருப் பெரியவர் வந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "சாமி, நீங்களாவது சொல்லுங்க."

அவர் பச்சையம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். வாய்க்குள் சிரித்தார். "எனக்குத்தான் தெரியுமே, ஓய்."

"அவருக்குத் தெரியும்" என்றாள் பச்சையம்மா, மோரை மொண்டு ஊற்றிக்கொண்டே. "பின்னாடி வர்றவங்களுக்கு யார் சொல்றது? சீமைக்குப் போய்க் கத்துக்கினு வந்தது நீங்கதானே. சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். நாதஸ்வரம் கேட்டது. குடை தெரிந்தது. குடைக்கு முன்னாலும் பின்னாலும் தெரு அடைத்துக்கொண்டு தலைகள். அத்தனை கண்ணும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுத்து வந்தவர் ஒரு கூரத்துக்காரர். மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கறுத்த கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அதாவதுங்க, மேகம்னு ஒண்ணு இருக்குது பாருங்க..."